பெக்கோட "லூசர்": அது நிஜமாவே தோல்விப் பாட்டுதானா?

பழையகேசட்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு, இன்னைக்கு கொட்டிடறேன். "மனசு சரியில்லாதப்ப கேக்க வேண்டிய பாட்டு"ன்னு யாரு லிஸ்ட் போட்டாலும் அதுல அமெரிக்கப் பாடகர் பெக்கோட லூசர் வந்துடுது, கூடவே "90-கள்ல வேலை வெட்டி இல்லாம படுத்துக்கெடந்த பசங்களோட கீதம்"னு ஒரு வரி விளக்கமும் வந்துடுது. படிக்கறப்பல்லாம் எனக்கு கோவம் வருது, ஏன்னா அந்தப் பாட்டு பொறந்த கதையே வேற.

பெக் 1989-ல கையில கிட்டாரும் சில டாலரும் மட்டும் வெச்சுக்கிட்டு நியூயார்க் போனாரு, ஈஸ்ட் வில்லேஜ்ல ஃபோக்ங்கற நாட்டுப்புறப் பாணிப் பாட்ட கரடுமுரடா பாடற ஆன்டி-ஃபோக்னு ஒரு கூட்டம் இருந்துச்சு, அவங்களோட சுத்திட்டு கட்டுப்படி ஆகாம 1991-ல லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பிட்டாரு. பகல்ல மணிக்கு 4 டாலர் கூலி வேலை. ராத்திரி கிளப்ல ஒரு பேண்டு இறங்கி அடுத்த பேண்டு வயர் மாட்டிக்கிட்டிருக்கற இடைவெளில மேடை ஏறிடுவாரு. மிஸிஸிப்பிப் பக்கத்து பழைய பாடகர் சன் ஹவுஸோட டெல்டா ப்ளூஸ் பாட்ட உயிரக் குடுத்து வாசிச்சுக்கிட்டிருப்பாரு, கீழ எல்லாரும் அவங்கவங்க பேச்சுல இருப்பாங்க. ஒருத்தராவது காது குடுக்கறாங்களான்னு பாக்கத்தான் வாய்க்கு வந்ததெல்லாம் கட்டிப் பாட ஆரம்பிச்சிருக்காரு. லூசர் அதோட தொடர்ச்சிதான்னு அவரே சொல்லியிருக்காரு.

அப்புறம் பாங் லோட் ரெக்கார்ட்ஸ்ங்கற சின்ன லேபிளோட (பாட்டு வெளியிடற கம்பெனி) டாம் ராத்ராக் இவர கார்ல் ஸ்டீஃபன்சன் வீட்டுக்கு அனுப்பி வெக்கறாரு. ஸ்டீஃபன்சன் ராப்-எ-லாட் லேபிளுக்கு வேலை பாத்த ஹிப்-ஹாப் ஆளு. பெக் ஸ்லைடு கிட்டார்ல ஒரு துண்டு வாசிக்கறாரு, ஸ்டீஃபன்சன் அத 8-ட்ராக் ரெக்கார்டிங் மெஷின்ல பிடிச்சு திரும்பத் திரும்ப ஓடற லூப்பாக்கி அடியில ட்ரம் போடறாரு, மேல சித்தார் சேக்கறாரு. பெக் அங்கயே உக்காந்து வரி எழுதி பப்ளிக் எனிமிங்கற ராப் குழுவோட சக் டி மாதிரி ராப் பண்ணிப் பாக்கறாரு. ஆறு ஆறரை மணி நேரத்துல மொத்தப் பாட்டும் முடிஞ்சிருச்சு. பதிஞ்சத போட்டுக் கேட்டப்ப "உலகத்துலயே மோசமான ராப்பர் நான்தான், நான் ஒரு லூசர்"னு தோணியிருக்கு, அதையே கோரஸா பாடிட்டாரு.

அவ்வளவுதாங்க. அந்த "லூசர்" ராப் சரியா வராத ஒருத்தர் அன்னைக்கு தன்னப் பத்தி சொன்ன வார்த்த. வாழ்க்கைய வெறுத்துச் சொன்னது இல்ல. இத ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?

மழைநேரம்

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா முடிவ மட்டும் ஒத்துக்க முடியல. பாட்டு எங்க பொறந்துச்சுங்கறது ஒண்ணு, எங்க போய்ச் சேந்துச்சுங்கறது இன்னொண்ணு.

பாங் லோட் 1993 மார்ச்ல முதல்ல 500 காப்பிதான் அடிச்சாங்க. லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் ரேடியோவுல ஆரம்பிச்சு கேஆர்ஓகியூ மாதிரி பெரிய ஸ்டேஷன் வரைக்கும் ஏறிடுச்சு, டிஜிசிங்கற பெரிய லேபிள் வாங்கி 1994 ஆரம்பத்துல மறுபடி வெளியிட்டாங்க, மார்ச் 1-ஆம் தேதி மெல்லோ கோல்ட் ஆல்பம் வந்துச்சு. அது ராக் குழு நிர்வானாவோட லேபிள். ஏப்ரல் 5-ஆம் தேதி நிர்வானா பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை பண்ணிக்கிட்டாரு. அந்த ஏப்ரல்ல ரேடியோவத் திருப்பினா "நான் ஒரு லூசர், என்னக் கொன்னுட வேண்டியதுதானே"ன்னு ஒரு குரல் வருது. கோபேன நெனச்சு அழுதுக்கிட்டிருந்த 17 வயசுப் பையனுக்கு ஸ்டீஃபன்சன் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? அவனுக்குக் கெடச்சது அந்த வரி மட்டுந்தான். அவன் கேட்டது தப்புன்னு நம்மளால சொல்ல முடியாது.

பழையகேசட்

தப்புன்னு சொல்லல மழைநேரம். அந்தப் பையன் கேட்டது அவனோடது. என் கோவம் பத்திரிகைக்காரங்க ஒட்டின லேபிள் மேல. பெக்குகிட்ட "ஸ்லாக்கர் (சும்மா திரியற சோம்பேறி) தலைமுறையோட குரலா நீங்க"ன்னு கேட்டப்ப மனுஷன் கொதிச்சுப் போய், எனக்கு எங்க சும்மா இருக்க நேரம் இருந்துச்சு, உயிர் வாழவே மணிக்கு 4 டாலருக்கு ஓடிக்கிட்டிருந்தேன், எல்லாத்துக்கும் சோர்ந்து போய் உக்கார நேரம் இருக்கறவங்களுக்குத்தான் அந்தப் பேரெல்லாம்னு சொல்லிட்டாரு. கூலி வேலை செஞ்சவன சோம்பேறிகளுக்குத் தலைவனாக்கிட்டாங்க, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல.

புதுக்காது

நான் இந்தப் பாட்ட இப்பதான் முதல் தடவ கேட்டேன். கோரஸ் புரியுது. நடுவுல அந்த நீளமான பகுதில என்னதாங்க சொல்றாரு? சிம்பன்ஸி காலத்துல நான் குரங்கா இருந்தேங்கறாரு, நரம்புல பியூட்டேன் ஓடுதுங்கறாரு, காய்கறிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கச் சொல்றாரு. கோத்து அர்த்தம் பண்ணணுமா, இல்ல விட்டுடணுமா?

ட்ரம்லூப்

விட்டுடாதீங்க, ஆனா கதையா கோக்காதீங்க. வாய்க்கு வந்தபடி கட்டினதுன்னு மேல சொன்னாரு இல்ல, அதான் விஷயம். வரிக்கு வரி ஒரு படம் வரும், அடுத்த வரி அத அடிச்சுட்டுப் போகும். முதல் வரிய மட்டும் பாருங்க: சிம்பன்ஸிங்க இருக்கற காலத்துல இவரு குரங்கு. அதாவது ஒரு படி கீழ, பின்தங்கினவன். கோரஸுக்கு வேண்டிய மொத்த விதையும் அந்த ஒரு வரில இருக்குன்னு நான் நெனக்கறேன். மத்ததெல்லாம் சத்தத்துக்காக, நாக்குல உருளறதுக்காக.

எனக்கு அர்த்தத்தவிட அந்த ட்ரம்மோட கதைதான் பெருசு, அதச் சொல்லாம விட மாட்டேன். அந்த அடி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ஜானி ஜென்கின்ஸ்னு ஜார்ஜியா மாநிலம் மேக்கன் ஊர்க்காரர், கிட்டாரிஸ்ட், ஓட்டிஸ் ரெடிங் பெரிய ஆளாகறதுக்கு முன்னாடி இவரோட பேண்டுலதான் பாடிக்கிட்டிருந்தாரு. ஜென்கின்ஸ் 1970-ல டோன்-டோன் மகூட்னு ஒரு ஆல்பம் போட்டாரு, பேர்போன கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் எல்லாம் அதுல வாசிச்சிருக்காரு. அதுல "ஐ வாக் ஆன் கில்டட் ஸ்ப்ளின்டர்ஸ்"னு ஒரு பாட்டு, அதுவும் அவரோடது இல்ல, நியூ ஆர்லியன்ஸ் பாடகர் டாக்டர் ஜான் 1968-ல பண்ண வூடூ பாட்டு. அதோட ட்ரம்மத்தான் ஸ்டீஃபன்சன் வெட்டி எடுத்தாரு. நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்து, ஜார்ஜியாவுல வளந்து, லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு அந்தப் பாட்டோட அடித்தளம்.

நிமிஷத்துக்கு 85 தட்டு கிட்ட இருக்கும், சோம்பலா இழுக்கும், ஆனா நிக்காது. ஹெட்ஃபோன் போட்டு ஸ்லைட மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பாருங்க. விரல்ல மாட்டின குழாய் கம்பி மேல வழுக்கி மேல ஏறும், சுருதில போய் நிக்காம கொஞ்சம் ஆடும், உடனே இறங்கி திரும்ப அதே எடத்துலேருந்து தொடங்கும். ஒரு மனுஷன் நேர்ல வாசிச்சா ரெண்டாவது தடவ கொஞ்சம் மாறும், நாலாவது தடவ இன்னும் மாறும். இங்க மாறவே மாறாது, ஏன்னா லூப். 1930-கள்ல மிஸிஸிப்பில ஒருத்தர் தனியா உக்காந்து வாசிச்சிருக்க வேண்டிய சத்தம், மெஷின் மாதிரி திரும்பத் திரும்ப வருது. டெல்டா ப்ளூஸையும் ஹிப்-ஹாப்பையும் பக்கத்துல பக்கத்துல வெக்கல, ரெண்டையும் ஒரே அச்சுல ஊத்தியிருக்காங்க. எனக்கு அதுதான் அந்தப் பாட்டோட அர்த்தம்.

கரிசல்ராகம்

ட்ரம்லூப் அண்ணே, இதெல்லாம் முதல்ல பண்ணது பெக் இல்லையே. பீஸ்ட்டி பாய்ஸ் 1986-லயே ராக்கும் ராப்பும் கலந்துட்டாங்க. ஃபெய்த் நோ மோரோட எபிக் 1990-ல அமெரிக்காவோட பில்போர்ட் ஹாட் 100 பட்டியல்ல 9-வது எடம் வரைக்கும் போச்சு. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் 1992. லூசர் வர்றதுக்குள்ள கலவை பழசாயிடுச்சு.

ட்ரம்லூப்

அவங்கள யாரும் மறுக்கல தம்பி. ஆனா நீங்க சொன்ன எல்லாத்துலயும் பலம்தான் கலந்துச்சு. கனமான கிட்டார், ஓங்கின குரல், முறுக்கின கை. ராப்போட கெத்தையும் ராக்கோட கெத்தையும் கூட்டினாங்க. பெக் பண்ணது நேர் எதிர், ராப்ல தான் பலவீனமா இருக்கற எடத்த அப்படியே திறந்து காட்டிட்டு அத ப்ளூஸ் மேல உக்கார வெச்சாரு. இன்னொண்ணும் கவனிங்க, அவரு பாடறது சக் டி மாதிரி இல்லவே இல்ல. பழைய ஃபோக் பாடகர் வுடி கத்ரி காலத்து டாக்கிங் ப்ளூஸ் இருக்கு இல்ல, பாட்டும் இல்லாம பேச்சும் இல்லாம முனகிக்கிட்டே போறது, அதுக்குத்தான் கிட்ட. சக் டிய நெனச்சுக்கிட்டு வாயத் தொறந்தாரு, அவரு வளந்த ஃபோக் வெளிய வந்துடுச்சு. தோத்தேன்னு அவரு நெனச்ச எடத்துலதான் புதுசு ஒண்ணு பொறந்திருக்கு.

கரிசல்ராகம்

இது புரியுது. ராப்போட கெத்து இல்லாம ராப் பண்ணது. இந்தக் கோணத்துல யோசிச்சதில்ல.

சொல்லாழி

நான் இசை ஆளு இல்ல, மொழி பக்கம்தான் என் ஆர்வம், அதனால ஒரு சின்ன விஷயம். கோரஸோட முதல் பாதி ஸ்பானிஷ்: "சோய் உன் பெர்தெதோர்." உலகம் பூரா நெறைய பேரு இத இங்கிலீஷ்னு நெனச்சு "சோ ஓப்பன் த டோர்"னே கேட்டிருக்காங்க, கதவத் தொற கதவத் தொறன்னு. நானும் பல வருஷம் அப்படித்தான் பாடினேன், அர்த்தம் கூட பொருத்தமாத்தான் இருந்துச்சு. பெக் வளந்தது லாஸ் ஏஞ்சலஸ்ல லத்தீன் அமெரிக்கக் குடும்பங்க நெறைய வாழ்ந்த பகுதில, தெருவுல கேட்ட மொழி அது. அலங்காரத்துக்காக எடுத்து ஒட்டினது இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஸ்பானிஷ்ல "இரு"ங்கறதுக்கு ரெண்டு வினை உண்டு. ஒண்ணு அப்போதைய நெலமைக்கு, களைச்சிருக்கேன், கோவமா இருக்கேங்கற மாதிரி. இன்னொண்ணு ஒருத்தரோட தன்மைக்கு. "சோய்" ரெண்டாவது வகை. அதனால அந்த வரி "நான் தோத்துட்டேன்" இல்ல. "தோக்கறதே என் ஜாதகம், நான் அந்த ரகம்" அப்படிங்கற மாதிரி.

தமிழ்ல எப்படிச் சொல்லலாம்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். "தோல்வியாளன்"னா மேடைப் பேச்சு மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குது. "உருப்படாதவன்"ல பெத்தவங்க குரல் கேக்குது, தானே தன்ன அப்படிச் சொல்லிக்க மாட்டோம். "தோத்தாங்குளி" இருக்கு பாருங்க, அதுதான் சரியா வருது. விளையாட்டுல தோத்தவன சுத்தி நின்னு கத்தறது அது. அதுல ஒரு தாளம் இருக்கு, கேலி இருக்கு, ஆனா நாளைக்கு மறுபடி விளையாட வருவான்ங்கறதும் இருக்கு. அடுத்தவங்க கத்தறதுக்கு முன்னாடி நானே கத்திக்கறேன்னு ஒருத்தன் சொன்னா எப்படி இருக்கும்? எனக்கு இந்த கோரஸ் அதுதான்.

பழையகேசட்

தோத்தாங்குளி!! நான் மேல அவ்வளவு நீளமா எழுதினத ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க சொல்லாழி. அடுத்தவங்க கத்தறதுக்கு முன்னாடி நானே கத்திக்கறேன், அது, அதேதான்.

மழைநேரம்

வார்த்த அழகு. ஆனா தோத்தாங்குளின்னு சொன்னவுடனே அந்த வரியோட ரெண்டாவது பாதி காணாமப் போயிடுது, "என்னக் கொன்னுட வேண்டியதுதானே" அங்கதான் இருக்கு. அத யாரும் தொட மாட்டேங்கறீங்க.

என் விஷயத்தச் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி வேலை போயிடுச்சு. யாரையும் குத்தம் சொல்லல, போயிடுச்சு, அவ்வளவுதான். நாலு மாசம் ரூம விட்டு சரியா வெளிய வரல, ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டேன், குளிச்சேனா சாப்ட்டேனான்னு கூட ஞாபகம் இருக்காது. அப்ப இந்தப் பாட்டு தானா ஓடி வந்துச்சு. எனக்கு அப்ப பெக் யாருன்னே தெரியாது. அந்த வரி காதுல விழுந்ததும் நெஞ்சுல கை வெச்ச மாதிரி இருந்துச்சு, நான் வாய் விட்டுச் சொல்ல பயந்தத வேற ஒருத்தர் ட்ரம்மோட சேத்துப் பாடிட்டாரேன்னு. திரும்பப் போட்டேன், திரும்பப் போட்டேன், ஒரு பத்துப் பன்னெண்டு தடவைக்கு அப்புறம் நானே கூடச் சேந்து சத்தமா பாடினேன், பாடும்போது அழுகையும் வந்துச்சு, ஆனா கால் தாளம் போட்டுக்கிட்டிருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் என் அக்காவுக்கு ஃபோன் பண்ணி நெலமையச் சொன்னேன். நாலு மாசத்துல நானா பண்ண முதல் ஃபோன் அது.

அதனால "வெறும் ராப் சரியா வரலேன்னு சொன்னது"ன்னு யாராவது எழுதினா என்னால சும்மா தாண்டிப் போக முடியல. பொறந்த கதை சின்னதா இருக்கலாம். வரி சின்னது இல்ல.

பழையகேசட்

மழைநேரம், இத எழுதினதுக்கு நன்றி. நான் "அவ்வளவுதாங்க"ன்னு எழுதினது தப்பு, அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கறேன். அக்காவுக்கு ஃபோன் பண்ணீங்க பாருங்க, அதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

ஏழாம்சுரம்

இந்த ரெண்டாவது பாதி பத்தி ஒரு தகவல் இருக்கு, மழைநேரம் சொல்றதுக்கு பலம் சேக்கும். ஸ்டீஃபன்சனே பின்னால இந்தப் பாட்டு பத்தி வருத்தப்பட்டிருக்காரு. பெக் மேல குத்தம் இல்ல, அந்த வார்த்தைங்க எதிர்மறையா இருக்கு, நான் இன்னும் நல்ல விதமா ஏதாவது செஞ்சிருக்கலாம்ங்கற அர்த்தத்துல பேசியிருக்காரு. பெக்கும் இது இவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் கனமான விஷயம் உள்ள வெச்சிருப்பேன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கு அந்த வீட்டுல இருந்த ரெண்டு பேருக்குமே பாட்டோட எடை அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு.

எனக்கு இதுல ஸ்டீஃபன்சன நெனச்சாதான் மனசு கனக்குது. எல்லாரும் பெக் பெக்குன்னு பேசறோம், ஆனா ஸ்லைட லூப்பாக்கினது, அந்த ட்ரம்மத் தேடி எடுத்தது, சித்தார் போட்டது எல்லாம் அவரு. பாட்டோட எழுத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு, ஆனா பேச்சுல ஒருத்தர் பேருதான் நிக்குது. அப்புறம் அவரு ஃபாரஸ்ட் ஃபார் த ட்ரீஸ்ங்கற பேருல பண்ண ஆல்பம் 1997-ல வந்துச்சு, அதக் கேட்டுப் பாருங்க, லூசர்ல எது அவரோட கைன்னு உடனே தெரியும்.

கரிசல்ராகம்

லூசருக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கறதையும் பேசணும்ல. நான் பாத்த வரைக்கும் ஒரு பாட்டு ஹிட் ஆயி காணாமப் போயிடுவாருன்னுதான் அப்ப நெறைய பேர் நெனச்சிருக்காங்க.

ட்ரம்லூப்

ஆமா, ஹாட் 100-ல 10-வது எடம், மாடர்ன் ராக் பட்டியல்ல முதல் எடம், அதோட முடிஞ்சதுன்னு நெனச்சாங்க. ஆனா டிஜிசியோட ஒப்பந்தம் போடும்போதே சின்ன லேபிள்கள்லயும் வெளியிட்டுக்குவேன்னு உரிமை வாங்கி வெச்சிருந்தாரு மனுஷன். லூசர் ஓடிக்கிட்டிருந்த அதே 1994-ல கே ரெக்கார்ட்ஸ்ல ஒன் ஃபுட் இன் த கிரேவ்னு கிட்டாரும் குரலும் முன்ன நிக்கற ஃபோக்-ப்ளூஸ் ஆல்பம் ஒண்ணு போட்டாரு. அந்த நேரத்துல வேற யாரா இருந்தாலும் லூசர்-2 தான் பண்ணியிருப்பாங்க. அப்புறம் 1996-ல டஸ்ட் பிரதர்ஸ்ங்கற தயாரிப்பாளர்களோட சேந்து ஒடெலே ஆல்பம், ரெண்டு கிராமி. 2015-ல மார்னிங் ஃபேஸுக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் கிராமி, அதுல ராப்பே கிடையாது, மெதுவா போற சோகமான ஆல்பம்.

பாட்டோட தடம்னு கேட்டா, 1998-ல எவர்லாஸ்ட் "வாட் இட்ஸ் லைக்"ல அக்கூஸ்டிக் ப்ளூஸ் கிட்டார ஹிப்-ஹாப் அடி மேல வெச்சு ஹிட் அடிச்சாரு, அது யார் பாணின்னு கேட்டாலே தெரியும். ஆனா எனக்குப் பெருசா படறது சத்தம் இல்ல, வேலை செஞ்ச விதம். ஸ்டுடியோ இல்ல, பேண்டு இல்ல, ஒருத்தர் வீட்டுல 8-ட்ராக், ஒரு பழைய ரெக்கார்டு, ஒரு கிட்டார். இன்னைக்கு தன்னோட ரூம்ல உக்காந்து லூப் போட்டு மேல பாடறவங்க எல்லாரும் அந்த மேசைலதான் உக்காந்திருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

புதுக்காது

இதெல்லாம் படிச்சுட்டு மறுபடி போட்டுக் கேட்டேன், இந்தத் தடவ வரிய விட்டுட்டு பின்னால என்ன நடக்குதுன்னு மட்டும். ரெண்டாவது கோரஸ் முடிஞ்சு ஒரு எடம் வருதுங்க, வேற யாரோட குரலோ கேக்குது. "நான் ட்ரைவர், நான் ஜெயிக்கறவன், எல்லாம் மாறப் போகுது, எனக்குத் தெரியுது"ன்னு சொல்ற மாதிரி இருக்கு. சரியாத்தான் கேக்கறேனா?

ஏழாம்சுரம்

சரியாத்தான் கேட்டிருக்கீங்க. அது கில் த மூன்லைட்ங்கற சின்ன பட்ஜெட் படத்துலேருந்து எடுத்தது. எடுத்தவர் ஸ்டீவ் ஹான்ஃப்ட், பெக்கோட நண்பர், லூசர் வீடியோவும் அவருதான் பண்ணாரு, சவப்பெட்டி தானா நகந்து போகுமே அது. ரேஸ் ஓட்டணும்னு கனவு காணற, கையில காசில்லாத ஒருத்தன் பேசற வசனம் அது.

மழைநேரம்

இவ்வளவு வருஷமா கேக்கறேன், அந்தக் குரல நான் கவனிச்சதே இல்ல. இப்ப போட்டேன். அந்த ஆளு அத ரொம்ப நம்பித்தான் சொல்றான். அவன் சொல்லி முடிச்சதும் ஸ்லைடு அதே எடத்துலேருந்து திரும்ப வருது, எல்லாரும் சேந்து கோரஸ் பாடறாங்க. அக்காவுக்கும் அனுப்பியிருக்கேன்.